மைக் காக்காவும் என் மகளின் தடிப்பும்

மைக் காக்கா ஒரு கோழை. இதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லத்தான் விரும்பினேன். அவர் முகத்தைக் காட்டுகிறார் இல்லை. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் பேப்பர் வாங்கமாட்டார். ஊர்ச் செய்தியை ஊருக்குச் சொல்கிறவரே அவர்தான், அவருக்கு எதற்குப் பேப்பர்?

பெரியநீலாவணையில் தொடங்கி சாய்ந்தமருது முடியும் வரைக்கும், இந்தக் கரையில் அவருடைய வாயில் விழாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று இருந்தால் அவர்கள் இன்னும் குடிவரவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. எங்கள் கல்முனைக்குடியில் யாருக்கும் தெரியாது. முந்திக் கரைவலைத் தோணியில் தொழில் செய்தவர். வலையைக் கரைக்கு இழுக்கும்போது எல்லாருக்கும் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவர் ஒரு வரி பாடினால் மருதமுனையில் தறியில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். இவ்வளவு பெரிய குரல் கடலில் வீணாகப் போகிறதே என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். உடனே ஓர் ஓட்டோவை வாங்கி, அதன் தலையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டி, ஊருக்குள் இறங்கிவிட்டார். அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால் அவரைப் பற்றியும் எழுதுவேன்.

தொழில், அறிவித்தல். ஜனாஸா, கரண்ட் வெட்டு, தடுப்பூசி, மத்ரஸாக் கூட்டம், கடைகளின் மலிவு விற்பனை, காணாமல் போன ஆடு. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே குரல்தான் இருந்தது, சாவு சொல்கிற குரல். மௌத்துக் குரல்.

ஒருநாள் காலையில் "அன்பான... தாய்மார்களே..." என்று இழுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா அடுப்பை நூர்த்துவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. "ஆருகா மௌத்து? ஆருகா?" என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார். மைக் காக்கா மூச்சை எடுத்து, தொண்டை கரகரக்கச் சொன்னார்: "பிளாஸ்டிக் கதிரைகள்... மிகவும் குறைந்த விலையில்..." ராத்தா அழுத கண்ணோடேயே போய் நாலு கதிரை வாங்கிவந்தார்.

மைக்கைச் சப்பாத்து நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அதை அணைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஓட்டோவை நிறுத்திவிட்டு ஹோட்டலுக்குள் போவார். வெளியில் ஸ்பீக்கர் கத்தும்: "தம்பி, ஒரு பிளேன்ரீ. சீனி போட்டுராத. நேத்தும் கூடிட்டு எண்டு டொக்டர் ஏசின." அவருடைய சீனி வருத்தம் பஸார் முழுக்கத் தெரியும். அவருடைய மனைவி அவரை என்ன பேர் சொல்லி ஏசுகிறார் என்பதும் தெரியும்.

தன்னுடையதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் பரவாயில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. குமர் காரியம், சத்தமில்லாமல் முடிக்க வேண்டும் என்று பெண்ணின் உம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. மைக் காக்கா காலையிலேயே வந்து, "இன்று பின்னேரம் இந்த ஒழுங்கையால் மாப்பிள்ளை வீட்டார் வர இருப்பதால் மோட்டார் சைக்கிள்களை வீதியில் நிறுத்த வேண்டாம்" என்று போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஒன்றுகூட இல்லை. மனிதர்கள்தான் வேலிக்கு வேலி நின்றார்கள். மாப்பிள்ளையின் வாப்பா கந்தூரி நடக்கிறது என்று நினைத்து, "சாப்பாடு எங்க குடுக்கிறாங்க?" என்று கேட்டாராம்.

சோதனை முடிவு வந்த நாளில் ஒருவரையும் அவர் முந்திக்கொள்ள விடமாட்டார். "இந்த வீட்டுப் பிள்ளை கணக்கில் மட்டும் தவறிவிட்டார். வாப்பாமார் கை நீட்ட வேண்டாம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அடி விழாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் அடிப்பார்கள்? அதைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார் என்றால், என் மகள் ஹம்னாவால்.

என் மாப்பிள்ளைக்கு, ஹம்னாவின் வாப்பாவுக்கு, கட்டாரில் வேலை. நானும் புள்ளையும்தான் வீட்டில். ஹம்னா நடக்கத் தொடங்கிய மாதம். நடை என்று சொல்லக்கூடாது, விழப்போகிற ஓட்டம். ஒருநாள் நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது விறாந்தையால் இறங்கி, துருப்பிடித்த நீலக் கேற்றின் கீழ் இடைவெளியால் நுழைந்து, ஒழுங்கையின் நடுவில் போய் நின்றுவிட்டாள். எதிரே மைக் காக்காவின் ஓட்டோ. அவர் பிரேக்கைப் போட்ட போடில் ஒரு ஸ்பீக்கர் கழன்று மண்ணில் விழுந்தது. நான் ஓடிவரும்போது அவர் புள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மைக் வழக்கம்போல திறந்துதான் இருக்கிறது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று அவர் சொன்னதை ஊரே கேட்டது. ஹம்னா மட்டும் அவருடைய கழுத்தில் தொங்கிய மைக்கைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தையும் ஊர் கேட்டது.

அடுத்த நாள் கையில் ஒரு வலையோடு வந்தார்.

"தங்கச்சி, இத விறாந்தையில கட்டுவம். புள்ள வெளிய போகா. காத்தும் வரும். ரோட்டும் பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இது புதுமை இல்லை. கோழிக்கூட்டுக்கு வலை, கீரைப் பாத்திக்கு வலை, மாமரத்துக்கு வலை. விறாந்தையில் தூணுக்குத் தூண் இழுத்து, ஆணி அடித்து, தோணிக்காரர் போடும் முடிச்சுப் போட்டு, அவரே கட்டினார். யானை வந்து இழுத்தாலும் வராது. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வாசலில் ஓட்டோவை நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அவருடைய குரல் ஒழுங்கை முனையில் கேட்டதும் ஹம்னா எங்கிருந்தாலும் ஓடிப்போய் வலையில் ஒட்டிக்கொள்வாள். இந்த ஊரில் அவருடைய குரலைக் கேட்டுச் சிரித்த முதல் ஆள் அவள்தான்.

பிறகுதான் தடிப்பு வந்தது.

மஃரிபுக்கு விளக்கைப் போட்டுவிட்டுப் புள்ளையைத் தூக்கினேன். கன்னம், வயிறு, இரண்டு கை. சிவப்புச் சிவப்பாகத் தடித்துக்கிடந்தது. சில இடங்களில் கோடு கோடாக, நகத்தால் கீறியதுபோல. புள்ளை சொறிகிறாள், அழுகிறாள், என் தோளில் முகத்தைத் தேய்க்கிறாள். டெங்கு என்று நினைத்தேன். சின்னமுத்து என்று நினைத்தேன். நினைக்கக்கூடாததையும் நினைத்தேன். காலையில் பார்த்தால் பாதி வாடியிருந்தது. சரி, பூச்சி கடித்திருக்கும் என்று மூச்சு விட்டேன். மஃரிபுக்கு மறுபடியும் வந்துவிட்டது.

பிள்ளை டொக்டரிடம் ஓடினேன். நிதானமான பொம்பிளை. இரத்தம் எடுத்துப் பார்த்தார். டெங்கு இல்லை என்றார். சின்னமுத்தும் இல்லை, கொப்புளிப்பானும் இல்லை.

"காய்ச்சல் இல்ல. சாப்பிடுறா, விளையாடுறா. ஏதோ ஒண்டு தோல்ல பட்டு வாற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் புதுசா என்ன வந்தது?"

"ஒண்டும் வரல்ல டொக்டர்."

"நல்லா யோசிங்க."

நல்லாத்தான் யோசித்தேன். சவர்க்காரத்தை மாற்றினேன். பால்மாவை மாற்றினேன். தலையணை உறையை அவித்துக் காயப்போட்டேன். கட்டாரிலிருந்து மாப்பிள்ளை அனுப்பிய பவுடரைக் குப்பையில் போட்டேன். இறால் சமைப்பதை நிறுத்தினேன். டொக்டர் தந்த வெள்ளை மருந்தைப் பூசினால் புள்ளை சுவர்போல ஆனாள், தடிப்பு மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

மைக் காக்கா தேத்தண்ணிக்கு வந்தவர் புள்ளையைப் பார்த்துவிட்டார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன தங்கச்சி இது? புள்ளட முகத்துக்கு என்ன?"

"தெரியா காக்கா. டொக்டருக்கும் விளங்கல்ல. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க."

"அல்லாட காவல். என்ட வாயால வெளிய போகா."

அடுத்த நாள் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் மௌத்துக் குரல்.

"அன்பான பொதுமக்களே... தாய்மார்களே... நீலக் கேற் வீட்டில் வசிக்கும் குழந்தை ஹம்னாவின் உடம்பில்... காரணம் தெரியாத தடிப்பு ஏற்பட்டுள்ளது என்பதை... மிகுந்த கவலையுடன் அறியத் தருகிறோம். மருந்து தெரிந்தவர்கள் உடனடியாக நேரில் வரவும். மேலும்... பஸாரில் பெருநாள் சாரிகள்..."

கையிலிருந்த உடுப்பு வாளிக்குள் விழுந்தது. என் புள்ளையின் தோலை இரண்டு ஸ்பீக்கரில் கட்டி ஊர்வலம் விடுகிறார். பிரதான வீதியால் போகிறது, பஸ் நிலையத்தில் திரும்புகிறது, கடற்கரையால் வருகிறது. நான் காதைப் பொத்தினேன். பொத்தினாலும் கேட்டது. அப்படியான குரல்.

வாசலில் வந்து நின்றதும் பிடித்துக்கொண்டேன்.

"வெட்கம் இல்லையா உங்களுக்கு? வாயால போகா எண்டு சத்தியம் பண்ணின!"

"வாயால எங்க சொன்ன? மைக்காலதான் சொன்ன."

அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அதில் வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறார். அப்படிப்பட்ட மனிதரிடம் என்ன கதைப்பது?

போன் அடித்தது. கட்டாரிலிருந்து மாப்பிள்ளை. "என்னகா, புள்ளைக்கு என்ன? ஊர் குரூப்பில மைக் காக்காட வொய்ஸ் ஓடுது! நான் வாப்பாவா, இல்ல குரூப்பில ஒரு மெம்பரா?" அவருக்குப் பயம் காட்டக்கூடாது என்று நான் மறைத்து வைத்திருந்தேன். கடல் தாண்டியும் போய்விட்டது அந்தக் குரல்.

பிறகு மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கருஞ்சீரக எண்ணெய். ஒருவர் உம்ராவில் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணி. ஒருவர் ஓதி ஊதிய நல்லெண்ணெய். ஆலையடிவேம்பிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்கும் அக்கா வேப்பிலைக் கட்டோடு வந்து, "அம்மாள்தான் தங்கச்சி, தலைக்குத் தண்ணி வாக்காதீங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், தண்ணி வார்க்காததால்தான் வந்தது என்றார். இரண்டு பேருக்கும் என் விறாந்தையில் வாய்த்தர்க்கம். சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு பெரியவர் புள்ளையைப் பார்க்கவே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்து, "கக்கூஸ் கதவு திசை பிழை" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் எல்லாரிடமும் வாங்கி வைத்தேன். ஒன்றையும் பூசவில்லை. டொக்டர் சொன்னதைத் தவிர வேறொன்றும் புள்ளையின் தோலில் படவிடவில்லை. ஆனால் ஹம்னா, வந்தவர்கள் எல்லாருக்கும் வயிற்றைத் திறந்து காட்டிப் பழகிவிட்டாள். ஆள் உள்ளே வந்ததும் சட்டையைத் தூக்குவாள். மீன் விற்கிறவருக்கும் தூக்கிக் காட்டினாள்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு எழுதலாம். இனி முடியாது.

மாப்பிள்ளையின் சொந்தத்தில் ஒரு புள்ளைக்குப் பேர் வைக்கும் விருந்து. போனேன். ஹம்னா கையில் பிஸ்கட்டோடு மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அவள் வயதுப் பிள்ளை ஒன்றுக்குப் பிஸ்கட்டை நீட்டினாள். அந்தப் பிள்ளையின் உம்மா பாய்ந்து வந்து, பிள்ளையைக் கையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தி வந்து தன் பிள்ளையைத் தூக்கினாள். பிறகு இன்னொருத்தி. பாய் வெறுமையாகிவிட்டது. என் மகள் பிஸ்கட்டை நீட்டியபடியே இருக்கிறாள். கையை மடக்கத் தெரியவில்லை அவளுக்கு.

"குறை நினைக்காத புள்ள. மைக்கில சொன்னதுதானே, தொத்து வருத்தமா இருந்தா..." என்றாள் ஒருத்தி.

நான் சோற்றைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஜெஸீமா ராத்தாதான் அந்தக் கதையைத் தொடங்கினார். "நான் ஒண்டு சொன்னா கோவிக்காத. அந்த மனிசன் வந்து போனாத்தான் புள்ளைக்கு எழும்புது. கவனிச்சியா? கண்ணூறுகா. அந்த ஆள்ட கண்."

எனக்குக் கண்ணூறில் எல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அவருடைய ஓட்டோ பழுதாகிக் கராஜில் கிடந்த நாட்களில் தடிப்பு இல்லை. வந்த நாட்களில் எல்லாம் இருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தாலும் அவரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க என்று.

"என்ட கண்ணா?" என்றார். "தங்கச்சி, ஒரு கண்ணில பூ விழுந்திரிக்கி. மற்றதில பாதிதான் தெரியும். கண்ணூறு போடுற அளவுக்கு என்ட கண்ணில பவர் இல்ல."

"வராதீங்க எண்டா வராதீங்க காக்கா."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் அஸருக்கு வந்து நின்றார். அவருக்கு ஒரு சொல் போதாது. ஊருக்குச் சொல்லிச் சொல்லியே, தனக்குச் சொல்வதைக் கேட்கிற பழக்கம் போய்விட்டது.

அன்றைக்குத்தான் பிடிபட்டது. நான் ஹம்னாவைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு துவாயால் சுற்றுகிறேன். ஒழுங்கை முனையில் குரல். புள்ளை துவாயை உதறிவிட்டு வெறும் உடம்போடு ஓடினாள். நேரே போய் வலையில் ஒட்டிக்கொண்டாள். கன்னத்தை வைத்து அழுத்தி, வயிற்றை வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆ... ஆ..." என்று அவரைக் கூப்பிடுகிறாள். தினமும் குளித்த ஈரத்தோடு இப்படித்தான் ஓடுவாள். தினமும் நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். அன்றைக்கு அவரைத் துரத்த வேண்டும் என்று பின்னாலேயே ஓடியதால் கண்டேன். புள்ளையைப் பிடுங்கி எடுத்தேன். வயிற்றில் வலைக்கண் அப்படியே பதிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடுகள் சிவந்து தடிக்கின்றன.

ஈரக்கையை வலையில் வைத்துத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நெருப்புச் சுட்டதுபோல.

முடிச்சுகளைக் கிட்டப் பார்த்தேன். பசை காய்ந்ததுபோல மெல்லியதாக, கண்ணாடி நிறத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொறிமுட்டை. கடலில் கண்ணாடிக் குடைபோல மிதக்குமே, பட்டால் சொறிந்தே சாக வேண்டுமே, அது. அதன் நூல் வலையில் அறுந்து காய்ந்து கிடந்திருக்கிறது. காய்ந்தால் சும்மா இருக்கும். ஈரம் பட்டால் மறுபடியும் உயிர் வந்ததுபோலக் கடிக்கும்.

கத்தியை எடுத்து வலையை அறுத்தேன். வாளித் தண்ணியில் ஒரு முக்கு. இழுத்துக்கொண்டு கேற்றுக்குப் போனேன்.

"இது என்ன காக்கா?"

"வலை." மைக் திறந்திருக்கிறது. "வலை" என்று ஊரே கேட்கிறது.

"எங்க எடுத்த?"

"எங்கட மீன் வாடியிலதான். புது வலை தங்கச்சி. புள்ளைக்கு எண்டு பழசு எடுக்கல்ல. நேரா கடல்லருந்து வந்த."

"கழுவினீங்களா?"

"கடல்ல கிடந்த வலைய என்னத்துக்குக் கழுவுற? கடலே கழுவிட்டு."

"சொறிமுட்டை பட்ட வலையா?"

கொஞ்சம் யோசித்தார். "அந்த நேரம் கடல் முழுக்க அதானே. பட்டிரிக்கும். காஞ்சா செத்துப்போகும். இஞ்ச பாருங்க, என்ட கையில ஒண்டும் செய்யல்லியே."

அவருடைய கையைப் பார்த்தேன். கரைவலைக் கயிறு இழுத்த கை. அது தோல் இல்லை, செருப்பு. அந்தக் கையில் சொறிமுட்டை கடித்தால் அதற்குத்தான் பல்லுப் போகும்.

ஈர வலையை எடுத்து அவருடைய கழுத்தில் சுற்றிவிட்டேன்.

"உம்மோ...!"

அந்தச் சத்தத்தை இந்தக் கரை மறக்காது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றாக வந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. பள்ளியில் இருந்தவர்கள் வெளியில் வந்து நின்றார்கள். பஸாரில் ஒருவர் சுனாமி என்று நினைத்துக் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாராம். நான் வருத்தப்படவில்லை. இப்போதும் இல்லை.

வலையைக் கழற்றிக் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றவர், என் இடுப்பில் இருந்த ஹம்னாவைப் பார்த்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து மைக்கை அணைத்தார். அவர் மைக்கை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். ஸ்பீக்கர் ஒரு கிறீச்சோடு நின்றது. ஒழுங்கை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இத நானா தங்கச்சி செஞ்ச?" என்றார்.

அவருடைய சொந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். சின்னக் குரல். பயந்த பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. ஹம்னா அவரிடம் போக இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தன் கையைச் சாரனில் துடைத்தார், துடைத்தார், பிறகு தொடாமலே வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனவர் போனவர்தான். அக்கரைப்பற்றுப் பக்கம் போய், வயலுக்குப் போடும் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் அறிவித்தல் போடுகிறாராம். அதுவும் மெதுவாகவாம். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிறதாம். எங்கள் ஊருக்கு ஏதாவது வேலையாக வந்தாலும் எங்கள் ஒழுங்கையைக் கண்டால் மைக்கை அணைத்துக்கொண்டு பெரிய ரோட்டாலேயே போய்விடுகிறார். புயலுக்குள் தோணி விட்ட மனிதர், ஒன்றரை வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குப் பயந்து ஓடுகிறார். இதற்குக் கோழை என்ற சொல்லைவிட வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஹம்னாவுக்குச் சுகம். டொக்டர் வலையின் கதையைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துச் சிரித்தார். பூச்சு மருந்து ஒன்று தந்தார். தோல் இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது.

ஆனால் அது யாருக்குத் தெரியும்? ஊருக்கு வருத்தம்தான் சொல்லப்பட்டது. சுகம் சொல்லப்படவில்லை. இன்றைக்கும் நான் புள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் பக்கத்துக் கதிரை காலியாகிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு, "நீ மட்டும் வா புள்ள, புள்ளைக்கு வெயில் கூடாது" என்கிறார்கள். நான் சொன்னால், உம்மாக்காரி மறைக்கிறாள் என்கிறார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டினால், இன்றைக்கு இல்லை, நாளைக்கு வரும் என்கிறார்கள். டொக்டர் சொன்னதைச் சொன்னால், காரணமே தெரியாத தடிப்பு என்று மைக்கில் போனதே என்கிறார்கள். இந்த ஊர் ஒரே ஓர் ஆளின் வாயைத்தான் நம்புகிறது. அந்த வாய் அக்கரைப்பற்றில் பசளை விற்கிறது.

மைக் காக்கா, இனி உங்களோடுதான் கதைக்கிறேன்.

வலை கட்டியதற்கு நான் பதில் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் என் மகள் அடுத்த நாளே மறுபடி ரோட்டில் நின்றிருப்பாள், எதிரே வந்தது உங்கள் ஓட்டோவாக இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். கழுவாமல் கட்டியதற்கும் கணக்கு முடிந்துவிட்டது, உங்கள் கழுத்தில் முடித்துவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். புள்ளைக்கு வருத்தம் என்று வீதி வீதியாகச் சொன்ன நீங்கள், புள்ளைக்குச் சுகம் என்று ஏன் இன்னும் சொல்லவில்லை? வெட்கம் என்றால் எனக்கு இல்லாத வெட்கமா உங்களுக்கு? என்னைக் கேட்டா அன்று மைக்கைப் பிடித்தீர்கள்?

எனக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டாம். மன்னிப்பு என்று போனில் அழவும் வேண்டாம். பெரியநீலாவணையில் தொடங்கி, ஒரு வீதி விடாமல் வந்து, நீங்கள் சொன்ன ஊருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

துருப்பிடித்த கேற்றை மாற்றி, கம்பி வைத்த புதுக் கேற் போட்டாச்சு. அஸருக்குப் பிறகு ஹம்னா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எந்த ஓட்டோ வந்தாலும் எட்டிப் பார்க்கிறாள். உங்களுடையது இல்லை என்று கண்டதும் கீழே உட்கார்ந்துவிடுகிறாள். நீங்கள் ஏன் வரவில்லை என்று அவளுக்கு என்னால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலையும் நீங்களே வந்து சொல்லுங்கள், காக்கா. அதை மைக்கில் சொல்ல வேண்டாம். சின்னக் குரலிலேயே சொல்லுங்கள், அவளுக்குக் கேட்கும்.